இரவில் கேமரா பொய்தான் சொல்லும்

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு அண்மையில் ஒரு காணொலி வந்தது. மேற்கு வானம். சூரியன் அடைந்து சற்று நேரமாகியிருக்கிறது. கறுப்புத் திரையின் நடுவே நீலமும் பச்சையுமாக ஒரு வட்டத் தட்டு. அதன் விளிம்பு நெளிகிறது. உள்ளே ஏதோ ஓடுகிறது. திடீரென்று சுருங்கிப் புள்ளியாகி, மறுபடி விரிகிறது. பின்னணியில் மொட்டைமாடியில் கூடியவர்களின் குரல்: “ஐயோ, பாரு பாரு, சுத்துது!” மறுநாள் லிஃப்ட்டில் அதை எடுத்தவரைப் பார்த்தபோது, “சார், அது வெள்ளிக் கோள்” என்றேன். “வெறும் கண்ணால பாத்திருந்தா நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன். இது கேமராவுல பதிவாகியிருக்கே சார், கேமரா பொய் சொல்லுமா?” என்றார். உடன் வந்தவர்கள் எல்லோரும் அவர் பக்கம் தலையாட்டினார்கள்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ரயிலில், கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரிப் பெஞ்சில், எங்கே வானத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் யாராவது ஒருவர் கைப்பேசியை நீட்டுகிறார். திரையில் ஓர் ஒளி. “இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்” என்கிறார். எப்போது எடுத்தது என்று கேட்டால் தெரியாது. எந்தத் திசை என்றால் “அப்படியே மேல” என்று கையைத் தூக்குகிறார். எவ்வளவு நேரம் தெரிந்தது, நகர்ந்ததா, நின்றதா, எதற்கும் விடை இல்லை. வீடியோ இருக்கிறதே, அது போதாதா என்கிறார். போதாது. இரவு வானத்து ஒளி ஒன்றைக் கைப்பேசியில் பிடித்துவிட்டால் சாட்சி கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை இன்று படித்தவர், படிக்காதவர் எல்லோரிடமும் வேரூன்றியிருக்கிறது. அதற்கு அடிப்படையே கிடையாது. இருட்டில் கேமரா பார்ப்பதில்லை. கிடைத்த துளி வெளிச்சத்தை வைத்துக்கொண்டு அது ஒன்றை உண்டாக்கித் தருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பாகைக்கு 3,600 விகலை. கைப்பேசியின் முதன்மைக் கேமரா ஏறத்தாழ 70 பாகை அகலமுள்ள காட்சியைப் பிடிக்கிறது. அந்த அகலத்தை 4கே காணொலியில் 3,840 பிக்சல்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு பிக்சலின் பங்கு சுமார் 65 விகலை. வெள்ளி மாலை வானில் ஜொலிக்கும் மாதங்களில் அதன் விட்டம் பெரும்பாலும் 15 முதல் 40 விகலைதான். கோள்களிலேயே நமக்கு மிகப் பெரிதாகத் தெரியக்கூடியது அது. அதுவே ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது. நட்சத்திரங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒரு பிக்சலுக்குள் முடங்கிக் கிடக்கும் பொருளுக்கு விளிம்பு ஏது? ஜன்னல் ஏது? சுழலும் விளக்கு வரிசை ஏது? அந்தத் திரையில் நீங்கள் காணும் வடிவம் முழுக்க உங்கள் கேமராவுக்குள் பிறந்தது.

அது எப்படிப் பிறக்கிறது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. ஃபோகஸ் பிடிக்கக் கேமராவுக்கு ஒரு கோடு வேண்டும், ஒரு ஓரம் வேண்டும், வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் ஓர் இடம் வேண்டும். கறுப்பு வானில் ஒற்றைப் புள்ளியைக் காட்டினால் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலைகிறது. அலைந்து அலைந்து கைக்கெட்டும் தூரத்தில் எங்காவது நின்றுவிட்டால், தொலைவிலுள்ள புள்ளி விரிந்து தட்டாகிறது. பல நேரங்களில் அந்தத் தட்டு நிலாவைவிட அகலமாக இருக்கும். லென்ஸ் மீண்டும் அலையும்போது தட்டு சுருங்குகிறது, விரிகிறது. அடிவானத்தை ஒட்டிய கனத்த காற்று ஒளியை ஆட்டி வைப்பதால் தட்டின் உள்ளே ஏதோ ஓடுவதுபோல் தெரிகிறது. அதே காற்று ஒளியைப் பிரித்து, மேல் ஓரத்தில் நீலத்தையும் கீழ் ஓரத்தில் சிவப்பையும் பூசுகிறது. எடுப்பவரின் கை நடுக்கம் அதைத் துள்ளவைக்கிறது. மொட்டைமாடியில் ஊரைக் கூட்டிய அந்த நீலத் தட்டின் கதை இவ்வளவுதான். அது வெள்ளி.

இரண்டு விரலால் திரையை விரித்துப் பெரிதாக்கினால் உண்மை தெரிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் மோசம். ஒரு கரண்டி மாவை எவ்வளவுதான் இழுத்துத் தேய்த்தாலும் தோசை மெலியுமே தவிர மாவு கூடாது. கண்ணாடி வில்லை தராத விவரத்தை விரல் தராது. விளம்பரங்களில் 100 மடங்கு ஜூம் என்று கூவுகிறார்கள். அதில் கண்ணாடியால் வருவது ஐந்து மடங்கோ பத்து மடங்கோதான். மீதியெல்லாம் மென்பொருள் ஊகித்து நிரப்புவது. 2023 மார்ச்சில் ஒருவர் நிலாவின் படத்தை வேண்டுமென்றே கலங்கலாக்கி, கணினித் திரையில் காட்டி, இருட்டறையில் சாம்சங் கைப்பேசியால் அதைப் படமெடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் படத்தில் தெளிவாக வந்தன. நிலாவை அடையாளம் கண்டதும் செயற்கை நுண்ணறிவு விவரங்களைக் கூட்டுகிறது என்று அந்நிறுவனமே பிறகு விளக்கியது. எல்லோருக்கும் தெரிந்த நிலாவையே தன் விருப்பத்துக்கு வரைந்துகொள்ளும் கருவி, யாருக்கும் தெரியாத ஒளியை உள்ளபடி காட்டும் என்று நம்புவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

வடிவம் கேமராவிலிருந்து வருகிறது என்பதை அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே விளக்க வேண்டிவந்தது. 2019இல் கலிஃபோர்னியக் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கடற்படைக் கப்பலிலிருந்து எடுக்கப்பட்ட காணொலி ஒன்றில், இரவு வானில் பச்சை முக்கோணங்கள் மினுங்கின. முக்கோண விமானங்கள் வந்துவிட்டன என்று உலகமே குதித்தது. 2022 மே 17 அன்று நடந்த விசாரணையில் கடற்படை உளவுப் பிரிவின் துணை இயக்குநர் ஸ்காட் பிரே, அந்த முக்கோணம் ஒளி இரவுநோக்குக் கருவி வழியாகக் கேமராவுக்குள் போனதால் உண்டானது என்றார். ஒளி வந்தது, துளை முக்கோணமாக இருந்தது, படமும் முக்கோணமானது. பயிற்சி பெற்ற கடற்படை வீரர்களின் விலையுயர்ந்த கருவிக்கே இந்தக் கதி. தவணையில் வாங்கிய கைப்பேசி எந்த மூலைக்கு?

“சரி, ராணுவம் சொன்னால் நம்புவீர்களா” என்று என்னைக் கேட்பவர்கள் லடாக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை, சீன எல்லையை ஒட்டிய ஏரிப் பகுதியில் நம் ராணுவத்தினர் அடையாளம் தெரியாத ஒளிகளை 329 முறை பார்த்துப் பதிவு செய்தார்கள். அவற்றில் 155 முறை எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்ததாகக் குறித்தார்கள். சீனா அனுப்பிய வேவு விமானங்களாக இருக்குமோ என்ற கவலை டெல்லி வரை போனது. கடைசியில் பெங்களூருவின் இந்திய வானியற்பியல் நிறுவனத்திடம் கேட்டார்கள். வானியலாளர்கள் அந்த ஒளிகளின் நகர்வைக் கோள்களின் நகர்வோடு ஒப்பிட்டுச் சொன்னார்கள்: ஒன்று வெள்ளி, மற்றொன்று வியாழன். 155 முறை இந்திய எல்லையை மீறியவை இந்த இரண்டு கோள்கள்தான்! அதே லடாக்கில், ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் இதே நிறுவனம் இமாலயச் சந்திரா தொலைநோக்கியை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துவருகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அந்தச் சிப்பாய்களை நான் குறை சொல்ல மாட்டேன். உறைபனியில் நின்று, பார்த்த ஒவ்வொன்றையும் குறித்துவைத்தார்கள். குறித்துவைத்ததால்தான் உண்மை வெளிவந்தது. நம் மொட்டைமாடி ஆட்கள் அவர்களிடம் கற்க வேண்டியது அந்த ஒழுங்கைத்தான்.

பன்னிரண்டு ஆண்டு கழித்து இதே கூத்து அமெரிக்காவில் நடந்தது. 2024 நவம்பர் நடுவிலிருந்து நியூ ஜெர்சி வானில் மர்ம டிரோன்கள் திரிவதாகப் பேச்சு கிளம்பியது. டிசம்பர் நடுவுக்குள் எஃப்பிஐக்கு 5,000க்கும் மேற்பட்ட தகவல்கள் குவிந்தன. மேற்கொண்டு விசாரிக்கத்தக்கவை என்று தேறியவை சுமார் 100. கேமரா இல்லாத வீடே அங்கு இல்லை. ஆயிரக்கணக்கான காணொலிகள் உலகைச் சுற்றின. அத்தனை காணொலி இருந்தும் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எஃப்பிஐயும் பாதுகாப்புத் துறையும் விமானப் போக்குவரத்து நிர்வாகமும் சேர்ந்து விட்ட அறிக்கையில், மக்கள் பார்த்தவை முறையாகப் பறக்கும் டிரோன்கள், விமானங்கள், ஹெலிகாப்டர்கள், டிரோன் என்று தவறாக எண்ணப்பட்ட நட்சத்திரங்கள் என்றார்கள். அந்த டிசம்பரில் மாலையானால் தென்மேற்கில் எது எரிந்துகொண்டிருந்தது தெரியுமா? வெள்ளி. கிழக்கில் எது எழுந்தது? வியாழன். லடாக்கில் ராணுவத்தை அலைக்கழித்த அதே ஜோடி. நியூவார்க், கென்னடி, பிலடெல்பியா விமான நிலையங்களுக்கு நடுவே குடியிருக்கும் மக்களுக்கு, தங்களை நோக்கி இறங்கும் விமானத்தின் முன்விளக்கு நிமிடக்கணக்கில் அசையாமல் நிற்பதுபோல் தெரியும் என்பதுகூடத் தோன்றவில்லை.

மேரிலாந்தின் முன்னாள் ஆளுநர் லாரி ஹோகன் இன்னும் ஒரு படி மேலே போனார். தன் வீட்டுக்கு மேலே டஜன் கணக்கில் பெரிய டிரோன்கள் முக்கால் மணி நேரம் நின்றதாகக் கூறி, டிசம்பர் 13 அன்று காணொலியையும் வெளியிட்டார். அதில் மூன்று ஒளிகள் சாய்வாக ஒரே நேர்க்கோட்டில் நின்றன. வானம் தெரிந்த எவரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்: ஓரியன் கூட்டத்தின் நடுவிலுள்ள மூன்று நட்சத்திரங்கள். மார்கழியில் நாம் கொண்டாடும் திருவாதிரை அதே கூட்டத்தில், அந்த மூன்றுக்கும் சற்றுத் தள்ளிச் செந்நிறமாக இருக்கிறது. ஒரு மாநிலத்தை எட்டு ஆண்டு ஆண்டவர், மனிதகுலம் நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்துவரும் நட்சத்திரங்களைக் கேமராவில் பிடித்து டிரோன் என்கிறார். கேமரா அவருக்கு எதையும் கற்றுத் தரவில்லை. அவரிடம் இல்லாத அறிவை இல்லை என்று உலகுக்குக் காட்டியது, அவ்வளவுதான்.

கண்ணாலும் இந்தத் தவறு நேரும். 2011 ஜனவரியில் டொரொன்டோவிலிருந்து சூரிக் சென்ற ஏர் கனடா விமானத்தில், சிறு தூக்கத்திலிருந்து விழித்த துணை விமானி வெள்ளியைப் பார்த்து எதிரே வரும் விமானம் என்று எண்ணினார். பிறகு உண்மையிலேயே கீழே பாதுகாப்பான உயரத்தில் வந்த ராணுவ விமானத்தைக் கண்டதும், மோதப்போகிறது என்று பதறித் தன் விமானத்தைக் கீழே பாய்ச்சினார். 16 பேர் காயமடைந்தார்கள். கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து எழுதிய அறிக்கையில் இது இருக்கிறது. ஆயிரக்கணக்கான மணி நேரம் வானிலேயே கழித்த விமானியைத் தடுமாறவைத்தது வெள்ளி. “எனக்கு வெள்ளி தெரியாதா?” என்று மார்தட்டுகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? அந்த விமானிக்கும் வெள்ளி தெரியும்.

கேமரா இல்லாததைக் கூட்டுவது ஒரு பங்கு என்றால், இருப்பதை மறைப்பது மறுபங்கு. 1997 மார்ச் 13 இரவு அரிசோனாவின் பீனிக்ஸ் நகருக்கு மேலே ஒளி வரிசை ஒன்று தோன்றி, ஒவ்வொன்றாக மறைந்தது. பலர் வீட்டு வீடியோ கேமராவில் பிடித்தார்கள். நகரத்தைவிடப் பெரிய கப்பல் ஒன்று விளக்குகளை அணைத்துக்கொண்டு போய்விட்டது என்று இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. காணொலி எடுத்த அதே இடத்திலிருந்து பகலில் எடுத்த காட்சியை அதன்மேல் பொருத்திப் பார்த்தபோது, ஒளிகள் மறைந்த இடத்தில் எஸ்ட்ரெல்லா மலைத்தொடர் நின்றது. ராணுவ விமானங்கள் பயிற்சியில் போட்ட ஒளிக்குண்டுகள் பாராசூட்டில் இறங்கி, மலைக்குப் பின்னால் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கேமரா மலையையே விழுங்கிவிட்டிருந்தது. ஒரு மலைத்தொடரைக் காட்டத் தெரியாத கருவியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறோம்.

அதே இரவு அதற்குச் சற்று முன்பு, ஆங்கில வி எழுத்து வடிவில் ஒளிகள் கடந்துபோயின. அவற்றைத் தன் வீட்டுத் தொலைநோக்கியில் பார்த்த ஓர் இளைஞர், விமானங்கள் என்று அப்போதே சொன்னார். அவரிடம் காணொலி இல்லை. அதனால் அவர் பேச்சு எடுபடவில்லை. வானம் பார்க்கப் பழகிய ஒருவரின் கண்ணைவிட, எதுவும் தெரியாத ஒருவரின் கையில் ஆடிய கேமரா பெரிதாகிவிட்டது. என் கோபமெல்லாம் இதில்தான்.

விலை கூடிய கேமரா வாங்கினால் தப்பிக்கலாம் என்று நினைக்கவும் வேண்டாம். 2015இல் நிக்கான் பி900 வந்தது. 83 மடங்கு ஜூம், அத்தனையும் கண்ணாடியால். 2018இல் வந்த பி1000க்கு 125 மடங்கு. அருமையான கருவிகள். நிலாவின் பள்ளங்களையும் வியாழனின் நிலவுகளையும் வீட்டு மாடியிலிருந்து அள்ளித் தருபவை. அவற்றை வாங்கி, நட்சத்திரத்தின்மேல் நிறுத்தி, ஃபோகஸ் போடாமல் விட்டு, திரையில் நெளியும் வண்ணத் தட்டைக் காட்டி, “நட்சத்திரங்கள் சூரியன்கள் அல்ல, தண்ணீருக்குள் மிதக்கும் விளக்குகள்” என்று பிரசாரம் செய்கிறது தட்டைப் பூமிக் கூட்டம். வெள்ளியை எடுத்தும் அதே தட்டைத்தான் காட்டுகிறார்கள். அந்தக் கேமராவில் ஃபோகஸைக் கையால் முடிவிலிக்குக் கொண்டுபோக ஒரு வழி இருக்கிறது. அதைச் செய்தால் வெள்ளி சில நாட்களில் பிறைபோலவும் தெரியும். கலிலியோ 1610இல் கண்டு உலகப் பார்வையையே மாற்றிய காட்சி அது. கையில் கலிலியோவின் குழாயைவிடச் சிறந்த கருவி இருக்கிறது. அதைக் கொண்டு 1610க்கும் பின்னால் போகிறார்கள்.

இந்த அறியாமை வெறும் கேமராவால் வந்ததல்ல. நாம் வானத்தைக் கைவிட்டுவிட்டோம். குருப்பெயர்ச்சி என்றால் ஆலங்குடியில் கூட்டம் தாங்காது. தொலைக்காட்சியில் பன்னிரண்டு ராசிக்கும் பலன் சொல்லி முடிய ஒரு வாரம் ஆகும். அந்தக் குரு இன்றிரவு வானில் எங்கே இருக்கிறார் என்று வரிசையில் நிற்பவர்களைக் கேட்டுப்பாருங்கள். ஒருவரும் கை நீட்டிக் காட்ட மாட்டார்கள். சுக்கிர தசை வந்தால் கார் வாங்கலாமா என்று கேட்கத் தெரிகிறது. கண்ணெதிரே சுக்கிரன் வந்து நின்றால் வேற்றுக்கிரகக் கப்பல் என்று கூச்சல் போடத் தெரிகிறது. விடிவெள்ளி முளைத்ததைப் பார்த்து மாட்டை அவிழ்த்துக்கொண்டு வயலுக்குப் போன பாட்டன்களுக்கு இந்தக் குழப்பம் இருக்கவில்லை. அவர்களுக்குப் பிறந்த நமக்கு ஜாதகத்தில் கிரகம் தெரியும், வானத்தில் தெரியாது.

பள்ளிக்கூடங்களும் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். எட்டுக் கோள்களின் பெயரையும் சூரியனிலிருந்து வரிசையாக ஒப்பிக்காத பிள்ளை கிடையாது. அவற்றில் ஐந்தை வெறும் கண்ணால் பார்க்கலாம் என்று ஓர் இரவாவது மாணவர்களை மைதானத்தில் நிறுத்திக் காட்டுகிற பள்ளி எத்தனை? நம் ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த மலையடிவாரத்து ஊர்களிலிருந்து சென்னை வரை எத்தனை மாணவர்கள் அங்கே போயிருக்கிறார்கள்? நகரங்களிலோ தெருவெல்லாம் வெள்ளை எல்இடி விளக்கைக் கண் கூசப் பொருத்தி, இருந்த நட்சத்திரங்களையும் துடைத்துவிட்டார்கள். கீழே காட்ட வேண்டிய வெளிச்சத்தை மேலே அடித்து மின்சாரத்தைப் பாழாக்குகிறார்கள். வானில் வேறெதுவும் தெரியாத ஊரில் வெள்ளி ஒன்று மட்டும் தெரிந்தால், மக்கள் அதைப் புதிதாக வந்த பொருள் என்று எண்ணாமல் என்ன செய்வார்கள்?

தொலைக்காட்சிகளைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ஓர் ஒளிப்புள்ளியைச் சுற்றிச் சிவப்பு வட்டம், அதை நோக்கி ஓர் அம்பு, பின்னணியில் பேய்ப்பட இசை. “வானில் தோன்றிய மர்ம ஒளி, மக்கள் பீதி.” அந்தக் காணொலியை ஒளிபரப்பும் முன் ஒரு வானியலாளருக்குத் தொலைபேச ஐந்து நிமிடம் ஆகாது. 2022 டிசம்பர் 15 மாலை மேற்கு வங்கத்தின் பல ஊர்களில் வானத்தில் ஒளிக்கற்றை ஒன்று நீண்டு போனபோது, மர்மம் மர்மம் என்று மணிக்கணக்கில் ஓட்டினார்கள். அன்று மாலை ஒடிசாக் கரையிலிருந்து அக்னி-5 ஏவுகணை சோதிக்கப்பட்டது. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ரயில்பெட்டிபோல வரிசையாகப் போவதை 2019 மே மாதத்திலிருந்து உலகம் பார்த்துவருகிறது. நமக்குச் சூரியன் மறைந்த பிறகும் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் வெயில் இருக்கிறது, அதில் அவை மின்னுகின்றன. இன்றும் ஒவ்வொரு முறையும் அது புதுச் செய்தி. தெரிந்துகொள்ள விருப்பமில்லாததால் வரும் செய்தி இது. தெரிந்துவிட்டால் நாளைக்கு ஓட்ட ஒன்றும் இருக்காது.

விளையாட்டாக விட்டுவிடலாமே என்கிறார்கள். விட முடியாது. நியூ ஜெர்சியில் டிரோன் பயம் பரவியதும் பலர் வானத்து ஒளிகள்மீது லேசர் அடிக்க ஆரம்பித்தார்கள். அந்த ஒளிகளில் பல, ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் விமானங்கள். லேசர் அடிக்க வேண்டாம், சுட வேண்டாம், விமானிகளின் கண் போய்விடும் என்று எஃப்பிஐ எச்சரிக்க வேண்டிவந்தது. அமெரிக்காவில் விமானங்கள்மீது லேசர் அடித்த புகார்கள் 2024இல் மட்டும் 12,000ஐத் தாண்டின. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள்மீது லேசர் பாய்ந்த செய்திகள் நமக்கும் புதிதல்ல. வானத்தில் எது என்ன என்று தெரியாத கூட்டத்தின் கையில் கேமரா முதலில் வருகிறது, அடுத்து லேசர் வருகிறது. லடாக் எல்லையில் வெள்ளியைப் பார்த்து இரண்டு நாடுகள் மோதியிருந்தால் அதை விளையாட்டு என்று யார் சொல்லியிருப்பார்கள்?

சாதாரண மக்களின் கேமரா வானியலுக்கு உதவாது என்று நான் சொல்லவே இல்லை. உதவியிருக்கிறது, பெரிதாகவே. 1992 அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை மாலை. அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் பள்ளிக் கால்பந்தாட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. பிள்ளைகளின் ஆட்டத்தை வீடியோ எடுக்க வந்த பெற்றோர்கள், வானைக் கிழித்துக்கொண்டு போன எரிகல்லைப் பக்கவாட்டில் திரும்பிப் பிடித்தார்கள். 16 காணொலிகள் கிடைத்தன. அவற்றில் கோல் கம்பங்களும் விளக்குத் தூண்களும் இருந்தன. எங்கே, எப்போது எடுத்தது என்பது தெரிந்திருந்தது. அறிவியலாளர்கள் அதே இடங்களில் நின்று கோணங்களை அளந்து, அந்தக் கல் சூரியனைச் சுற்றிய பாதையையே கணித்துவிட்டார்கள். அதற்கு முன் பாதை கணிக்கப்பட்ட விண்கற்கள் உலகில் மூன்றே மூன்று. கல் நியூயார்க் மாநிலத்தின் பீக்ஸ்கில்லில் ஒரு காரின் பின்புறத்தில் விழுந்தது, எடை 12.4 கிலோ. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் சுமார் 20 மீட்டர் அளவுள்ள கல் வெடித்துச் சன்னல்கள் நொறுங்கி 1,500 பேர் காயமடைந்தபோதும், கார்களில் பொருத்திய கேமராக்கள்தான் அதன் பாதையைத் தந்தன. மலிவான கேமராக்கள், பயிற்சி இல்லாத மனிதர்கள். ஆனாலும் அவை சாட்சி ஆயின. காரணம், சட்டகத்துக்குள் ஒரு தெரு இருந்தது, ஒரு கம்பம் இருந்தது, ஒரு கடிகாரம் இருந்தது.

ஆகவே கைப்பேசி சரியில்லை என்ற சாக்கு எடுபடாது. சாட்சிக்கு வேண்டியது லென்ஸின் விலையல்ல. நேரம் வேண்டும். திசை வேண்டும். ஒரு கூரையோ தென்னையோ கோபுரமோ, அசையாத ஒன்று ஒளியோடு சேர்ந்து சட்டகத்தில் தெரிய வேண்டும். கைப்பேசியைச் சுவரில் சாய்த்துவைத்து, ஜூம் செய்யாமல், பத்து நிமிடம் விட்டு எடுக்க வேண்டும். கோள் என்றால் மேற்கு வானில் அது கூரையை நோக்கி மெல்ல இறங்கும், கிழக்கு வானில் மெல்ல ஏறும். விமானம் என்றால் கடந்து போகும். தெருவிளக்கின் எதிரொளி என்றால் கைப்பேசியைத் திருப்பும்போது எதிர்ப்பக்கம் ஓடும். இவற்றைச் செய்ய யாரும் விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை. கையிலிருக்கும் அதே கைப்பேசியில் வான வரைபடச் செயலி ஒன்றை இலவசமாக இறக்கிக்கொண்டு ஒளியை நோக்கிப் பிடித்தால், வெள்ளி என்று அதுவே எழுதிக் காட்டிவிடும்.

இந்த எளிய வேலையைச் செய்யாமல் வரும் எந்தக் காணொலியையும் நான் இனிப் பார்க்கப்போவதில்லை. நீங்களும் பார்க்காதீர்கள். அனுப்புகிறவரிடம் நேரம் கேளுங்கள், திசை கேளுங்கள். இல்லையென்றால் அடுத்தவருக்கு அனுப்பாமல் அழித்துவிடுங்கள். இரவில் எடுத்த ஒளியை ஒளிபரப்பும் செய்தி ஆசிரியர்கள், எடுத்த இடத்தையும் நேரத்தையும் திரையில் போட வேண்டும், அந்த நேரத்தில் அந்தத் திசையில் எந்தக் கோள் இருந்தது என்பதையும் சேர்த்துப் போட வேண்டும். அதைப் போட முடியாதவர்களிடம் இருப்பது செய்தியல்ல. கேமராவில் பதிந்தது என்பதற்காக எதுவும் உண்மையாகிவிடாது. இருட்டில் எடுத்ததற்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.